பெயருக்குப் போட்ட குறிப்பு ஊர்மேல் விழுந்த கதை

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜெயந்தி போன வாரம் போனில் கூப்பிட்டாள். இனிமேல் ஆவணங்களுக்குப் பொருள் தலைப்பு போடுவது, பெயர்களைச் சேர்ப்பது, குறிப்பு எழுதுவது எல்லாவற்றையும் கணினியே செய்துவிடுமாம். மனிதர்கள் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினால் போதுமாம். “வேலை பாதியாக் கொறஞ்சிரும் மேடம். புதுசா வந்திருக்கிறவுகளுக்குக் கொடுக்க ஒங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதித் தாரீகளா? கொஞ்சம் இனிமையா இருக்கட்டும்” என்றாள்.

எழுதுகிறேன். இனிமைக்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்தச் ‘சரி’ பொத்தானை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை ஒருவர் ஒரு தடவை அழுத்தியதால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பிடித்தால் புதியவர்களுக்குக் கொடுக்கட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும்.

நான் வேலை பார்த்தது காரைக்குடியில் ஒரு வட்டார ஆவண மையத்தில். பழைய ஜமீன் காகிதங்கள், கோயில் கணக்குகள், செட்டிமார் வீடுகளில் இருந்து வரும் கடிதக் கட்டுகள், கோர்ட்டு நகல்கள், புகைப்படங்கள் என்று எது வந்தாலும் வாங்கிப் பாதுகாத்து, தேடி வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது மையத்தின் வேலை. தேடுகிறவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார், காகிதத்தில் வேறு பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா, இல்லை ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேறு சங்கதிகளா என்று தீர்த்து வைப்பது என் வேலை. கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சிதம்பரம், தெருவுக்கு ஒரு வள்ளியம்மை, நாலு ஊருக்கு ஒரு பெரிய கண்மாய். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நூலகப் படிப்பு முடித்தேன், மதுரையில் கொஞ்ச காலம் தற்காலிகமாக இருந்தேன், பிறகு இங்கே வந்தேன். படித்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலை எனக்குப் பிடிபட்டது பெரியகருப்பன் சாரிடம் அவமானப்பட்ட பிறகுதான். அவர் எங்கள் பிரிவுத் தலைவர். தேவகோட்டைக்காரர். சத்தம் போட்டுப் பேசமாட்டார், திட்டமாட்டார். நாம் எழுதி வைத்த அட்டையை நின்றபடியே எடுத்துப் படிப்பார். பிடிக்காவிட்டால் அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாம்தான் யோசிக்க வேண்டும். என் முதல் மாதத்தில் என் மேசை பூராவும் கவிழ்ந்த அட்டைகளாகவே கிடந்தது. ஒருநாள் அழுகை முட்டிக்கொண்டு வர, “என்ன சார் தப்பு?” என்று கேட்டேவிட்டேன். அவர் திரும்பி, “யாரு சொல்றாக?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் எங்கள் வேலை. விளக்கமாகச் சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பங்காளிகள் அதை விலாசம் என்று வழங்கும் தங்கள் குடும்ப முதலெழுத்து இரண்டைச் சொல்லி இன்ன வீடு என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது மணிக்கூண்டு வீடு. இப்போது அதை ஓட்டலாக நடத்துகிறவர்கள் ஏதோ மகால் என்று பெயர் வைத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பெயர் மூன்று, வீடு ஒன்று. அதனால் வீட்டுக்கு ஓர் அடையாள எண் கொடுப்போம். அந்த எண்ணுக்குக் கீழே மூன்று பெயரும் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குறிப்பு: இந்தப் பெயரை யார் சொல்கிறார்கள், எந்தக் காகிதத்தில் இருந்து தெரிந்தது. அந்தக் குறிப்புக்கு எங்கள் அலுவலகத்தில் ‘ஒட்டு’ என்று பெயர். இன்றைக்கு இதையே மெட்டாடேட்டா என்று சொல்லி மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், மதியச் சாப்பாட்டோடு.

இதில் உயிர்நாடியான இடம் ஒன்று உண்டு. ஒட்டு இரண்டு வகை. ‘பர்மாத் தேக்கில் கட்டியது’ என்பது வீட்டைப் பற்றிய ஒட்டு, அது எண்ணோடு போகும். ‘ஓட்டல்காரர்கள் வைத்தது’ என்பது பெயரைப் பற்றிய ஒட்டு, அது அந்தப் பெயரோடு மட்டும்தான் போக வேண்டும். இடம் மாற்றி ஒட்டினால், ஓட்டல்காரர்கள் கட்டிய வீடு என்று ஆகிவிடும். பங்காளிகள் அடிக்க வருவார்கள். பெரியகருப்பன் சார் என் அட்டைகளைக் கவிழ்த்ததெல்லாம் இதற்காகத்தான். பெயருக்குச் சொல்ல வேண்டியதை நான் பொருளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர்களில் இன்னொரு ரகம் உண்டு. அதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் விஷயமே.

சாக்கோட்டைப் பக்கம் பூவேந்தல் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயரை இந்தக் கட்டுரைக்காக மாற்றியிருக்கிறேன். விவசாயக் கூலிகளாக இருந்த குடும்பங்கள் காலங்காலமாக வாழ்கிற ஊர். அவர்களே வெட்டிய ஏந்தல், அதாவது சின்னக் குளம், அதன் பெயரைத்தான் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே வாத்தியார்கள் இருக்கிறார்கள், நர்சு இருக்கிறார், போலீசில் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஜமீன் காகிதங்களில், கோர்ட்டு நகல்களில், கோயில் கணக்கில், ஓர் இடத்தில்கூடப் பூவேந்தல் என்று இருக்காது. சாதியின் பெயரோடு ஒரு வசவைச் சேர்த்து ஒரு பெயர் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் சிலர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் அட்டையில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் காகிதங்கள் பூவேந்தலைப் பற்றியவை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் இந்த மாதிரிப் பெயர்களுக்கு ஒரு நடைமுறை வைத்திருந்தோம். பெயரை எழுதி, பக்கத்தில் ‘இழி.’ என்று ஒட்டுப் போடுவோம். இழிவழக்கு என்பதன் சுருக்கம். இந்தச் சொல் இழிவானது, தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள், வெளியே காட்டாதே என்று அர்த்தம். யார் சொல்கிறார்கள் என்ற இடத்தில் ‘பிறர்’ என்று எழுதுவோம். எல்லாப் பெயருக்கும் ‘யாரு சொல்றாக’ என்று குடைந்து எடுக்கிற பெரியகருப்பன் சார், இந்த ரகப் பெயர்களுக்கு மட்டும் ‘பிறர்’ போதும் என்றார். “ஊர்ப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு?” என்பார். கெட்டிக்காரர்தான், ஆனால் அந்த ஒரு இடத்தில் அவரும் ஒதுங்கிப் போனவர்தான்.

அவர் ஓய்வு பெற்று, நான் பிரிவுத் தலைவராகி, அட்டைகளெல்லாம் எங்கள் அலுவலகக் கணினிக்குள் போய், பல வருடங்கள் ஓடின. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் புது இயக்குநர் வந்தார். சென்னையில் இருந்து வந்தவர். மரியாதையான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். யார் உள்ளே போனாலும் எழுந்து நிற்பார், டீ சொல்வார், நாம் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பார். கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வார். அவருக்குப் பிடித்த ஒரே வார்த்தை ‘க்ளீன்’. எங்கள் தரவு முழுவதையும் ஒரு வெளியூர் நிறுவனத்தின் புது மென்பொருளுக்கு மாற்றி, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிடப் போவதாக அறிவித்தார்.

மாற்றுவதற்கு முன்னால் நிறுவனத்தில் இருந்து இருவர் வந்து விளக்கினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெயருக்கு என்று தனி ஒட்டுப் போட உங்கள் மென்பொருளில் இடம் இருக்கிறதா? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொருளுக்குக் குறிப்பு போடலாம், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பெயர் என்பது வெறும் எழுத்துதான், அதற்குக் குறிப்பு எல்லாம் கிடையாது என்றார்கள். அப்படியானால் மாற்றக் கூடாது என்றேன். இயக்குநர் சிரித்துக்கொண்டே, “மேடம், எந்தக் குறிப்பும் வீணாகாது. எல்லாம் பத்திரமா வந்து சேரும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலும் மரியாதையாகவே வந்தது. கவனத்தில் கொள்ளப்பட்டதாம்.

அவர் சொன்னது பொய்யில்லை. எல்லாக் குறிப்பும் பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி. கடைசியாக ஒரு திரையில் மொத்தத்தையும் சரிபார்க்கச் சொல்லி மென்பொருள் கேட்டதாம். ஆயிரக்கணக்கில் வரிகள். யார் படிப்பது? இயக்குநர் ‘சரி’ அழுத்தினார். கேக் வெட்டினோம்.

கேக் வெட்டிக் கொஞ்ச நாளில், ஒரு மதியம் செல்வராணி வந்தார். அரசு மருத்துவமனையில் ஸ்டாப் நர்சு. பூவேந்தல்காரர். அதற்கு முன் ஒரு தடவை, மயானப் பாதை வழக்குக்காக அவர்கள் ஊர்க்காரர்கள் பழைய கோர்ட்டு நகல் தேடி வந்தபோது அவரும் வந்திருந்தார். அந்தப் பழக்கத்தில் நேரே என் மேசைக்கு வந்தார். டூட்டி முடிந்த கையோடு வந்திருந்ததால் சீருடையில் இருந்தார். “வாங்கம்மா, உக்காருங்க” என்றேன். உட்காரவில்லை. போனை என் மேசையில் வைத்தார்.

“இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மேடம்.”

எங்கள் மையத்தின் பக்கம். பெரிய எழுத்தில், தலைப்பில், அந்தப் பெயர். நாங்கள் வெளியே காட்டக்கூடாது என்று வைத்திருந்த அதே பெயர். அதற்குக் கீழே:

வகை: குடியிருப்பு.
தன்மை: இழிவானது.

ஒரு நொடியில் என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது. ‘இழி.’ என்று பெயருக்குப் போட்ட ஒட்டை, பெயருக்கு ஒட்டக் கட்டம் இல்லாததால், மென்பொருள் ஊரின் எண்ணுக்கு ஒட்டிவிட்டது. புள்ளி வைத்த சுருக்கத்தை விரித்து முழுச் சொல்லாகவும் ஆக்கிவிட்டது. ஒரு வசவைப் பார்த்து இது வசவு என்று நாங்கள் எழுதியிருந்தோம். இப்போது அது ஓர் ஊரைப் பார்த்து இது இழிவு என்று சொல்லிக்கொண்டிருந்தது, எங்கள் மையத்தின் முத்திரையோடு.

செல்வராணி சொன்னார். ஏதோ வரைபடச் செயலி எங்கள் பக்கத்தில் இருந்து ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டதாம். முந்தின நாள் அவர்கள் தெருவுக்குக் கூரியர்காரர் ஒருவர் வந்திருக்கிறார். வெளி மாவட்டத்துக்காரர், எதுவும் தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே, “இதுதாங்களா இன்ன ஊரு?” என்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டிருக்கிறார்.

“தெருவே வெளியில வந்துருச்சு மேடம். என் வீட்டுக்காரரு அந்தாளு சட்டையப் பிடிச்சிட்டாரு. பாவம், அவரு அழுதுக்கிட்டே போனக் காட்டுறாரு, ‘இதுல அப்படித்தாங்க போட்டுருக்கு’ன்னு. பார்த்தா ஒங்க ஆபீஸ் பேரு. நீங்களா மேடம் இத எழுதுனீக?”

“நாங்க எழுதுனது இப்படி இல்லம்மா. அந்தப் பேரு இழிவானதுன்னு பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சிருந்தோம்.”

“பேருக்குப் போட்டது எங்க மேல எப்படி வந்து விழுந்துச்சு? இதுல ‘தன்மை’ன்னு போட்டுருக்கே, அது எதோட தன்மை? வீட்டோடதா, தெருவோடதா, எங்க ஆளுகளோடதா?”

மென்பொருளில் கட்டம் இல்லை என்று அந்த அம்மாளிடம் சொல்லவா முடியும்? அவரை அழைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

இயக்குநர் எழுந்து நின்றார், டீ சொன்னார், முழுதாகக் கேட்டார். உண்மையிலேயே சங்கடப்பட்டார். “ரொம்பத் தப்பு. இப்பவே எடுத்துடறேன்” என்று அங்கேயே கணினியைத் திறந்து ‘தன்மை: இழிவானது’ என்ற வரியை அழித்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பெயர் அப்படியே பெரிய எழுத்தில் நின்றது, இப்போது அது இழிவு என்று சொல்லக்கூட ஆளில்லாமல்.

“பேரு?” என்றார் செல்வராணி.

அந்தப் பெயர் ஏன் தலைப்பில் வந்தது என்று இயக்குநர் விளக்கினார். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருந்தால், ஆவணங்களில் எது அதிகமாக வருகிறதோ அதை மென்பொருள் முதன்மைப் பெயராக எடுத்துக்கொள்ளுமாம். “நடுநிலையான முறைங்க. நாம யாரும் தேர்ந்தெடுக்கறதில்லை” என்றார்.

நடுநிலை! எனக்கு வந்த கோபத்தை இன்று வரை என்னால் முழுதாக இறக்கி வைக்க முடியவில்லை. அந்த ஆவணங்களை யார் எழுதினார்கள்? ஜமீன் கணக்கப்பிள்ளை எழுதினார், கோர்ட்டு குமாஸ்தா எழுதினார், கோயில் காரியக்காரர் எழுதினார். பூவேந்தல்காரர்கள் கையில் பேனா கிடைத்தது எப்போது? வசைபாடியவன் எத்தனை தடவை எழுதினானோ அத்தனையும் அவனுக்கு ஓட்டு. வசை வாங்கியவனுக்கு ஓட்டே இல்லை. இப்படி எண்ணிப் பார்த்து முடிவு சொல்வதற்கு ஒரு மென்பொருள், அதற்கு ஒரு ‘சரி’ பொத்தான். இதை அறையிலேயே சொன்னேன். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி இயக்குநர் கேட்டதில்லை. டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அடுத்த வாரங்கள் எப்படிப் போயின என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு அலுத்துவிடும். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். அதற்கு ஓர் எண் வந்தது. விதி எல்லா ஊருக்கும் பொது, ஒரு ஊருக்காக மாற்ற முடியாது என்றார்கள். தற்காலிகமாக அந்தப் பக்கத்தை மூடி வைக்கச் சொன்னேன், இயக்குநர் மூடினார். அந்த அளவில் நல்லது. இதற்கு நடுவே, தூக்கம் வராமல் கிடந்தபோது எனக்கு ஒரு வழி தோன்றியது. பெயருக்குக் குறிப்பு போட மென்பொருளில் இடமில்லை, பொருளுக்கு மட்டும்தானே இருக்கிறது? அப்படியானால் பெயரையே ஒரு பொருளாக்கிவிட்டால் என்ன? ஊருக்கு ஓர் எண் இருப்பது போல, அந்தப் பெயருக்கும் தனியாக ஓர் எண் கொடுப்பது. பெயர் என்ற வகையில் அதுவும் ஒரு பொருள். அதன்மேல் எத்தனை ஒட்டு வேண்டுமானாலும் உட்காரும், ஊர்மேல் போய் விழாது. ஊரின் எண்ணில் பூவேந்தல் மட்டும் மிஞ்சும், அதுவே தலைப்பாகிவிடும். நிறுவனத்துக்காரர்களிடம் சொன்னேன். செய்யலாம் என்றார்கள். இதற்கென்றே இங்கிலீஷில் ஒரு பெரிய வார்த்தை இருக்கிறதாம். வார்த்தை இருந்ததே, முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டேன்.

ஆனால் அதற்குள் இயக்குநர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். வழக்கு ஏதும் வந்துவிடுமோ என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். செல்வராணியை வரச்சொல்லி, சந்தோஷமான செய்தி சொல்கிற முகத்தோடு, “அந்தப் பேரையே மொத்தமா அழிச்சுடறோங்க. எங்க தரவுல எங்கேயும் இருக்காது. க்ளீனா போயிடும்” என்றார்.

செல்வராணி நன்றி சொல்வார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“அழிக்கக் கூடாது சார்” என்றார் அவர். “அந்தப் பேருல தேடித்தான் எங்க மயானப் பாதைக்கு நகல் எடுத்தோம். அதுவும் இல்லாம, நீங்க அழிச்சுட்டா நாளைக்கு ஒருத்தரு வந்து, ஒங்களை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லையேன்னு சொல்லுவாரு. கூப்பிட்டாக. இருக்கட்டும். ஆனா எங்க ஊருக்குப் பேரு பூவேந்தல். அது மேல இருக்கணும். இது வசவு. வசவுன்னு எழுதி, யாரு வஞ்சதுன்னும் எழுதுங்க.”

நான் என் வழியை விளக்கினேன். பெயருக்குத் தனி எண், அதற்கு ஒட்டு: இழிவழக்கு, தலைப்பாகக் காட்டக் கூடாது. அந்த எண்ணுக்குக் கீழே வரப்போகும் பழைய ஒட்டுகளைத் திரையில் காட்டினேன். செல்வராணி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“வழங்குவோர், பிறர். யாரு மேடம் அந்தப் பிறர்?”

“பொதுவாச் சொல்றதுங்க அது” என்றார் இயக்குநர்.

“எங்களுக்கு மட்டும் ஊரு பேரோட, எண்ணோட போடுறீக. வஞ்சவுகளுக்குப் பொதுவா?”

அந்த ‘பிறர்’ யார் என்று எனக்குத் தெரியும். பூவேந்தலுக்கு மேற்கே, கண்மாய்க்கு அங்குட்டு இருக்கிற ஊர் ஆலங்கரைவயல். அந்தப் பெயரைப் பெற்றெடுத்து, வளர்த்து, இன்றைக்கும் வாயில் வைத்திருப்பது அந்த ஊர்தான். அங்கே நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நான் பிறந்தது அந்த ஊரில். அந்தப் பெயரை நான் எந்தக் காகிதத்திலும் முதலில் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், சிரிப்புக்கு நடுவில் கேட்டது.

விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, ‘பிறர்’ என்பதை அழித்துவிட்டு, ‘ஆலங்கரைவயல் ஊரார்’ என்று அடித்தேன்.

இயக்குநர் பதறிவிட்டார். “மேடம், மேடம், இப்படி ஊர் பேரைப் போட்டா அந்த ஊர்க்காரங்க மனசு புண்படாதா?”

எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், புரியாமல் தலையாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வாக்கியத்தைப் போல ஒன்று என்னை எரித்ததில்லை. ஓர் ஊரையே இழிவானது என்று உலகத்துக்குக் காட்டியபோது யார் மனது புண்படும் என்று யாரும் கேட்கவில்லை. இப்படிச் சொன்னது இன்னார் என்று எழுதப் போனவுடன் எங்கிருந்துதான் வருகிறதோ இந்த இளகிய மனசு!

“நான் அந்த ஊர்க்காரிதான் சார். எனக்குப் புண்படலை. போடுங்க.”

“ஆதாரம் இல்லாம எப்படி மேடம்? வழங்குவோர் கட்டத்துக்கு ஆதாரம் கட்டாயமாச்சே” என்றார். விதி அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆதாரம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தகப்பனார் பெயரோடு, ஊரோடு. ‘நேரில் கேட்டது, சொந்த வீட்டில்’ என்று சேர்த்தேன். எங்கள் மையத்தின் விதிப்படி, பெயர் சொல்லிச் சாட்சி தரும் உள்ளூர்க்காரர் முழு ஆதாரம். அந்த விதியை எழுதியவர் பெரியகருப்பன் சார். இயக்குநரால் மறுக்க முடியவில்லை. அவர் கையாலேயே ‘சரி’ அழுத்தினார். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு அழுத்தினார் என்பதற்கு நானே சாட்சி.

செல்வராணி எழுந்து, “வாரேன்க்கா” என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கம் திரும்பத் திறந்தது. பூவேந்தல் என்று தேடினால் பூவேந்தல் வரும். அவர்கள் வெட்டிய ஏந்தல் வரும், மயானப் பாதை வழக்கு வரும். அந்தப் பழைய சொல்லைத் தெரிந்து தேடுகிறவருக்கு மட்டும் அதற்கென்று ஒரு சின்னப் பதிவு வரும்: இது இழிவழக்கு, ஊரின் பெயர் பூவேந்தல், இப்படி வழங்குவோர் ஆலங்கரைவயல் ஊரார். நாங்கள் யோசிக்காத ஒன்றும் நடந்தது. ஆலங்கரைவயல் என்று தேடினாலும், அந்த ஊரோடு தொடர்புடையது என்று இந்தப் பதிவும் சேர்ந்து வர ஆரம்பித்தது. மென்பொருள் தன் போக்கில் செய்த ஒரே நல்ல காரியம்.

நான் ஓய்வு பெற்ற சில வாரங்களில் அண்ணனிடம் இருந்து போன் வந்தது. அண்ணன் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்க்கிறவர். கோயில் திருவிழாவுக்கு வாட்ஸப் குழுவில் போட ஊரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று யாரோ தேடியிருக்கிறார்கள். கிடைத்துவிட்டது. குழுவில் சிங்கப்பூரில் இருக்கிறவர்கள்வரை பார்த்துவிட்டார்களாம். ஆதாரத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் படித்துவிட்டு வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்களாம்.

“என்னத்தா செஞ்சு வச்சிருக்க? நம்ம ஊரத் தேடுனா அசிங்கம் அசிங்கமா வருது! வெளியில தலகாட்ட முடியல. ஒரு ஊரையே இப்படி ஒத்த வரியில கேவலப்படுத்துறதா? எங்க பிள்ளைக, பேரப்பிள்ளைக எல்லாம் நாளைக்கு இதத்தானே பார்க்கும்? நாங்க ஒனக்கு என்ன பாவம் பண்ணுனோம்?”

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகத்தான் இருந்தது. யாருக்காகச் சொல்ல வேண்டியதை யாருக்காகச் சொல்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

“மொதல்ல அந்தப் பேர எடுக்கச் சொல்லு” என்றார்.

“எந்தப் பேரண்ணே?”

“நம்ம ஊருப் பேரத்தான்!”

“அது நமக்கு நாமளே வச்சுக்கிட்ட பேருதானேண்ணே. அடுத்தவுக வச்சது இல்லையே.”

அண்ணன் போனை வைத்துவிட்டார். திருவிழாவுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.